பேதியுப்பும் பஸ் காசும்

கல்யாண மோதிரம் கழலவில்லை. சவர்க்காரம் போட்டுப் பார்த்தேன், தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தேன். விரல் மூட்டில் வந்து நின்றுவிட்டது. 2012 மார்கழி அது. திருகோணமலையில் விடாத மழை. சாதாரண தரப் பரீட்சைக்கு எனக்கு மேற்பார்வைக் கடமை. வயிற்றில் பிள்ளைக்கு இருபத்தொன்பது வாரம். கிளினிக் நாளும் பரீட்சை நாளும் ஒன்றாய் விழுந்ததால் அடுத்த கிழமை போவோம் என்று விட்டுவிட்டேன்.

தலையிடி இரண்டு நாளாய் விடவில்லை. "மழையில நனைஞ்சு வந்தனீ, தலையில நீர் கோத்திருக்கு பிள்ளை" என்று மாமி தைலம் பூசிவிட்டார். வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்த நோவை வாய்வு என்று நினைத்து உள்ளி அவித்துக் குடித்தேன். இரவு விளக்கை அணைத்த பிறகும் கண்ணுக்கு முன்னால் மின்மினி பறந்தது. வீட்டில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை எங்கள் பகுதி மிட்வைஃப் அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். கிளினிக்குக்கு வராத கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவர்களுடைய வேலை. என் முகத்தைக் கண்டதும் குடையைக்கூட மடிக்காமல் கீழே வைத்துவிட்டு பிரஷர் பார்த்தார். கையை மாற்றி இன்னொருதரம் பார்த்தார். 170/115. "தேத்தண்ணி வேண்டாம் மாமி, கெதியா ஒரு ஓட்டோ பிடியுங்கோ" என்றார்.

வார்ட்டில் எனக்கு ஒரு மருந்து ஏற்றினார்கள். உச்சியிலிருந்து மார்பு வரைக்கும் நெருப்பு இறங்கியது போல ஒரு சூடு. அதற்குப் பிறகு மணிக்கொருதரம் தாதி வந்து ஒரு சின்னச் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தார். கால் உதறினால் எழுதிக்கொண்டு போனார். மூச்சை எண்ணினார். சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். "இது என்ன மருந்து மிஸ்?" என்று கேட்டேன். "மக்னீசியம் பிள்ளை. வலிப்பு வராமல் குடுக்கிறது. கூடிப்போனால் கால் உதறாது, அதுக்குத்தான் தட்டிப் பாக்கிறது" என்றார். அந்தத் தட்டலுக்காக இரவு முழுக்கக் காத்திருந்தேன். கால் உதறியபோதெல்லாம் உயிரோடிருக்கிறேன் என்று பட்டது.

பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கும் ஊசி போட்டார்கள். அந்த ஊசி நன்றாக வேலை செய்ய ஒரு நாள் அளவு வேண்டும். என் உடம்பு ஆறு மணித்தியாலந்தான் தந்தது. அறுத்து எடுத்தார்கள். ஆண்பிள்ளை, 940 கிராம். இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டியது.

ஆறு கிழமைக்குப் பிறகு வி.ஓ.ஜி. என்று நாங்கள் சொல்லும் மகப்பேற்று நிபுணரிடம் போனபோது ஒரே ஒரு கேள்விதான் கொண்டு போனேன். ஏன்? அவர் கடதாசியில் படம் கீறிக் காட்டினார். நச்சுக்கொடி ஆரம்பத்தில் கருப்பையின் இரத்தக் குழாய்களுக்குள் ஆழமாக வேரோடி அவற்றை அகலப்படுத்த வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. இரத்தம் போதாத நச்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் உடம்புக்குள் விடுகிறது. அவை ஈரல், சிறுநீரகம், மூளை என்று எல்லா இடத்திலும் இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வரும் இந்த நோய்க்குப் பெயர் பிரீஎக்ளாம்ப்சியா. "சரி டொக்டர், அந்த வேர் ஏன் எனக்கு ஓடேல்ல?" பேனையை மூடிவிட்டுச் சொன்னார்: "அது தெரியாது அம்மா. எனக்கு மட்டுமில்லை, உலகத்தில் ஒருவருக்கும் இன்னும் முழுசாத் தெரியாது."

முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த மனிதர் மேல் ஒரு மதிப்பு வந்தது. எத்தனை பேர் எனக்கு எத்தனை காரணம் சொல்லியிருந்தார்கள்: பரீட்சை மண்டபத்தில் நின்றது, அன்னாசி தின்றது, தோஷம், கண்ணூறு. படித்த மனுசன் ஒருவர் மட்டும் 'தெரியாது' என்றார். அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அடுத்த முறை வயிற்றில் தங்கியபோது பன்னிரண்டாம் வாரத்திலிருந்தே 75 மில்லிகிராம் அஸ்பிரின் குளிசை தந்தார்கள், கல்சியம் தந்தார்கள், கிழமைக்குக் கிழமை பிரஷர் பார்த்தார்கள். 2015 இல் மகள் பிறந்தாள், முப்பத்தேழு வாரம் நிறைந்து. அவளுக்குப் பால் கொடுத்தபடி இரவுகளில் கைபேசியில் தேடித் தேடி வாசித்தேன். எனக்குத் தந்த ஒவ்வொரு மருந்துக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

மக்னீசியம் சல்பேற்று என்பது நம் வீடுகளில் பேதிக்குக் குடித்த அதே பேதியுப்பு என்று அறிந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நூறு வருடமாக அதை வலிப்புக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று 1995 வரை பெரிய அளவில் ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்த வருடம் வந்த ஆய்வு, வலிப்பு வந்த தாய்மாருக்கு அதுவரை பல நாடுகளில் நம்பிக் கொடுத்த மற்ற மருந்துகளைவிட இதுவே மேல் என்று காட்டியது. பிறகு வலிப்பு வருமுன்னே கொடுத்தால் தடுக்குமா என்று பார்க்க, 33 நாடுகளில் 10,141 தாய்மார் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு இந்த மருந்து, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மருந்து. 2002 இல் முடிவு வந்தது: வலிப்பு வரும் ஆபத்துப் பாதிக்கு மேல் குறைந்தது. மக்பை ஆய்வு என்று அதற்குப் பெயர். என் முழங்காலில் சுத்தியல் தட்டிய இரவு நடந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து. நான் முகம் காணாத பத்தாயிரம் பெண்கள், நோவோடு கிடந்த நேரத்தில் 'சரி, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கோ' என்று கையெழுத்துப் போட்டதன் பலன் என் உடம்பில் ஏறியது.

பேதியுப்பை விற்று ஒரு கம்பனி என்ன இலாபம் காணும்? அஸ்பிரினை விற்று? கல்சியத்தை விற்று? ஒருவருக்கும் சொந்தமில்லாத மலிவு மருந்தைச் சோதிக்க எந்த வியாபாரியும் கோடி கொட்ட மாட்டார். அதோடு 1950களின் கடைசியில் தலிடொமைட் என்ற மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கை கால் வளராமல் பிறந்த பிறகு, கர்ப்பிணியை வைத்துப் புது மருந்து ஆராயவே கம்பனிகளுக்குப் பயம். ஆகவே இந்தக் கேள்விகளுக்குச் செலவழிப்பது இரண்டே பணந்தான்: வரிப்பணம் அல்லது தர்மப் பணம். எனக்கு 75 மில்லிகிராம் அஸ்பிரின் தந்தார்கள் என்றேன் அல்லவா? 2017 இல் வந்த அஸ்ப்ரே ஆய்வு, ஆபத்துக் கூடிய தாய்மாருக்கு இரவில் 150 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. முப்பத்தேழு வாரத்துக்கு முன்னரே வரும் பிரீஎக்ளாம்ப்சியா 62 வீதம் குறைந்தது. அதற்குப் பணம் போட்டது ஐரோப்பிய ஒன்றியமும், இலண்டனிலுள்ள ஃபீற்றல் மெடிசின் ஃபவுண்டேசன் என்ற தொண்டு நிறுவனமும். (குளிசையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். யாருக்கு, எத்தனையாம் வாரத்திலிருந்து என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.)

ஒவ்வொரு மார்கழியும் மகனின் நாளில் முதியோர் இல்லம் ஒன்றில் மதியச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வழக்கம். 2017 இல் அந்தக் காசில் பாதியை ஆராய்ச்சிக்குக் கொடுப்போம் என்று சொன்னேன். இவர் தலையாட்டினார். மாமிதான் கேட்டார்: "சோத்தைக் குடுத்தா வயிறு நிறையிறதைக் கண்ணால காணலாம் பிள்ளை. உந்தக் காசு எங்க போய், என்னத்தை நிறைக்கும்?"

அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. சுத்தியலையும் பேதியுப்பையும் பத்தாயிரம் பெண்களையும் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட பெரியக்கா திரியாயில சூதகசன்னி, பிள்ளைப்பேத்தில வாற வலிப்பு, கண்டு செத்தவ. எனக்கு எட்டு வயசு. முகமெல்லாம் ஊதி, பல்லைக் கடிச்சுக்கொண்டு... பேய் பிடிச்சிட்டுது எண்டுதான் சொன்னவை. வேப்பிலைதான் அடிச்சவை" என்றார். அடுத்த கிழமை சீட்டுக் காசிலிருந்து ஐயாயிரம் ரூபாவை எடுத்து என் கையில் வைத்தார்.

நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்தோம். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியைகள், உவர்மலையில் இருக்கும் ஒரு வங்கி ஊழியர், கிண்ணியாவிலிருந்து இரண்டு பேர். ஏழு பேருக்கும் ஒவ்வோர் இழப்பு இருக்கிறது. என் பிள்ளையின் பெயரைச் சங்கத்துக்கு வைப்போம் என்றார்கள். எல்லோருக்கும் இழப்பு இருப்பதால்தான் வேண்டாம் என்றேன்.

முதல் வருடமே சறுக்கினோம். சேர்ந்தது 85,000 ரூபா. தாய்மார் நலன் ஆராய்ச்சி என்று வண்ணக் கையேட்டோடு வந்த ஓர் அமைப்பிடம் முழுவதையும் ஒரே காசோலையில் கொடுத்தோம். பெயர் வேண்டாம். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது "ஆய்வு நடக்குது" என்றார்கள். என்ன ஆய்வு, எங்கே, யார் செய்கிறார் என்று கேட்டதற்குப் பதில் கடிதம் ஒன்றும் வரவில்லை. இன்று வரை அந்தக் காசு எந்தக் கேள்விக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியாது. கொடுத்தவர்களில் ஒருவர் மீன் சந்தையில் வேலை செய்யும் அக்கா. 200 ரூபா தந்தவர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்ன நாள் எனக்கு மறக்காது. "பறவாயில்லை ரீச்சர், அடுத்த முறை கவனமாப் பாருங்கோ" என்றார்.

அடுத்த முறையிலிருந்து இப்படித்தான் செய்கிறோம். காசு கேட்டு வருபவரிடம் முதலில் கேட்பது, 'உங்கள் கேள்வி என்ன?' ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும். 'தாய் சேய் ஆரோக்கியத்தை மேம்படுத்தல்' என்பது கேள்வி இல்லை. 'பிரீஎக்ளாம்ப்சியா வந்த தாய்க்கு வீட்டில் பிரஷர் மெசின் கொடுத்தால், பிள்ளை பெற்ற பிறகு மருந்தை ஒழுங்காகக் கூட்டிக் குறைக்க முடியுமா' என்பது கேள்வி. இரண்டாவது, பல்கலைக்கழகமோ வைத்தியசாலையோ வைத்திருக்கும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக் கடிதம். அதில் திகதியும் காலாவதியும் இருக்கும், இரண்டையும் பாருங்கள். மருந்தோ சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வென்றால் பதிவு இலக்கத்தையும் கேளுங்கள். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இல் தொடங்கிய பதிவேடு ஒன்று இருக்கிறது. யாரும் இணையத்தில் போய்ப் பார்க்கலாம். முடிவு எப்படி வந்தாலும், பலனில்லை என்று வந்தாலுங்கூட, வெளியிடுவோம் என்று எழுத்தில் வாங்குகிறோம். பலனில்லை என்ற முடிவும் அடுத்த தாயை வீண் மருந்திலிருந்து காக்கும்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுக்கிறோம். முதல் தவணைக்குப் பிறகு ஒரு பக்கக் கடிதமும் பற்றுச்சீட்டுகளும் வந்தால்தான் அடுத்தது. நிர்வாகச் செலவு என்று நிறுவனம் எவ்வளவு எடுக்கும் என்பதை முதலே எழுதிக்கொள்கிறோம். அது தப்பான செலவில்லை. மின்சாரத்துக்கும் கணக்காளருக்கும் யாரோ கொடுக்கத்தானே வேண்டும். பிந்தித் தெரிந்தால்தான் மனம் நோகும்.

இன்னொன்றும் கற்றோம். பிரித்தானியாவில் மருத்துவ ஆராய்ச்சித் தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. அதில் சேர வேண்டுமானால், விண்ணப்பங்களை வெளி நிபுணர்களுக்கு அனுப்பி, அவர்கள் மதிப்பிட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். எங்கள் காசு அவர்களுடைய காசில் ஒரு தூசி. ஆனாலும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். வெளி மாவட்டங்களிலுள்ள இரண்டு வைத்தியர்களுக்கு முன்மொழிவை அனுப்பி, வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். ஒரு சதமும் வாங்காமல் செய்கிறார்கள். ஒருதரம் ஒருவர், "இந்தக் கேள்விக்கு விடை ஏற்கனவே இருக்கிறது, காசை வீணாக்காதீர்கள்" என்று இரண்டு வரி எழுதி அனுப்பினார். அந்த இரண்டு வரி எங்களுக்கு ஒரு வருடச் சேமிப்பை மிச்சம் பிடித்துத் தந்தது.

விடை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு என் மகனுக்குப் போட்ட அந்த நுரையீரல் ஊசியே சாட்சி. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் செம்மறியாட்டுக் குட்டிகளில் கண்டதை ஹோவி என்பவரோடு சேர்ந்து தாய்மாரில் சோதித்து 1972 இல் வெளியிட்டார். அதற்குப் பிறகும் பல ஆய்வுகள் அதையே சொல்லின. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாய்க் கூட்டிப் பார்க்க ஆளில்லாமல் ஏறக்குறைய இருபது வருடம் பல நாடுகளில் அந்த ஊசி பரவலாகப் போடப்படவில்லை. அதற்கிடையில் எத்தனை பிள்ளைகள் மூச்சுத் திணறிப் போயிருக்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் இலச்சினையில் இருக்கும் சின்னச் சின்னக் கோடுகள் இந்த ஊசி பற்றிய ஆய்வுகளின் முடிவுகள்தான்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. இலண்டனில் இருக்கும் மச்சாள் ஒருத்தி பத்துக் கிலோமீற்றர் ஓடிக் காசு சேர்த்தாள். இங்கே அனுப்பட்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். அங்கே வரி கட்டுபவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பவுண் கொடுத்தால், கிஃப்ற் எய்ட் முறையில் அரசாங்கம் இன்னும் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். எங்களுக்கு அனுப்பினால் அது இல்லை. 1992 இல் சென் தோமஸ் மருத்துவமனையின் மகப்பேற்று மருத்துவர்கள் தொடங்கிய ரொமிஸ் என்ற நிறுவனம் கருச்சிதைவு, குறைமாதப் பிறப்பு, பிள்ளை இறந்து பிறத்தல் ஆகியவற்றை ஆராயப் பணம் கொடுக்கிறது. அவள் அங்கேயே கொடுத்தாள். நச்சுக்கொடியின் வேர் ஏன் ஓடவில்லை என்ற பெரிய கேள்விக்கு ஆய்வுகூடமும் ஆட்களும் வேண்டும். அதற்கான பணம் அங்கே போகட்டும். அங்கிருந்து ஒருவரும் கொடுக்க நினைக்காத சின்னச் செலவுகளுக்கு மட்டும் இங்கே அனுப்புங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறோம். அந்தச் சின்னச் செலவு எது என்று கீழே சொல்கிறேன்.

கிண்ணியாத் தோழி ஒருத்தி தன் ஊர் மௌலவியிடம் போய்க் கேட்டு வந்தார். கட்டாயக் கொடையான ஸக்காத்துக்கு இன்னின்னாருக்குத்தான் என்று எட்டு வகை இருப்பதால் அதில் கை வைக்க வேண்டாம், ஸதகத்துல் ஜாரியாவாகக் கொடுக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். கொடுத்தவர் போன பிறகும் நன்மை ஓடிக்கொண்டிருக்கும் தர்மம் அது. ஆராய்ச்சிக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இன்னும் கேட்கவில்லை. மாமியிடம் சொன்னபோது, "குளம் வெட்டி விடுறமாதிரி" என்றார்.

இரண்டு காசை வேண்டாம் என்றிருக்கிறோம். பால்மா விற்கும் ஒருவர் எங்கள் கூட்டத்துக்குப் பதாகையும் சாப்பாடும் தர முன்வந்தார். தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பால்மாவை விளம்பரப்படுத்துவதற்கு இந்த நாட்டில் கட்டுப்பாடு இருக்கிறது. குறைமாதப் பிள்ளையின் தாய்க்கு முன்னால் அந்தப் பதாகையைத் தூக்க எங்களுக்கு மனமும் வரவில்லை. மற்றது வெளிநாட்டுக் குழு ஒன்று. நல்ல தொகை. வெறுங்கையோடு அழும் தாயின் படம் வேண்டும் என்றார்கள். நான் என் படத்தைத் தருவதா என்று ஓர் இரவு யோசித்தேன். மகள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். தரவில்லை. ஒருவருடைய படத்தையும் நாங்கள் போடுவதில்லை.

உண்டியல் காசை இளப்பமாக நினைக்க வேண்டாம். 1938 இல் அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதத்துக்கு எதிராகச் சனங்கள் பத்துச் சத நாணயங்களைக் கடிதத்துக்குள் வைத்து வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள். மார்ச் ஒஃப் டைம்ஸ் என்ற தொண்டு அமைப்பு அப்படி வளர்ந்தது. 1955 இல் சால்க் தடுப்பூசி வந்ததில் அந்தச் சில்லறைக்குப் பெரிய பங்கு. வந்த நோக்கம் முடிந்தது என்று அவர்கள் கடையைச் சாத்தவில்லை. பிறவிக் குறைபாடுகளுக்குத் திரும்பினார்கள், 2003 இல் குறைமாதப் பிறப்புக்கு எதிராகவும் இறங்கினார்கள்.

இனி அந்தச் சின்னச் செலவு.

வீட்டில் பிரஷர் மெசின் கொடுப்பது பற்றி மேலே சொன்ன கேள்வியோடு ஓர் இளம் வைத்தியர் வந்தார். பிள்ளை பிறந்துவிட்டால் ஆபத்துப் போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். அது பிழை. பிறந்து மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிரஷர் திரும்ப உச்சத்துக்கு ஏறும். அநேகமாகத் தாய் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பாள். பிள்ளை பெற்ற பிறகும் வலிப்பு வரலாம். இந்த நோய் வந்தவருக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் ஆபத்தும் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வைத்தியரின் செலவுப் பட்டியலில் இரண்டே பெரிய வரிகள்: பிரஷர் மெசின், பஸ் காசு.

மெசின் வாங்கப் புறப்பட்டபோது 2022. இரண்டு மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்குப் போனது. இருபது வாங்க வைத்திருந்த காசுக்குப் பதினொன்றுதான் வந்தது. அதிலிருந்து, இறக்குமதிப் பொருள் வாங்க வேண்டிய காசை வங்கியில் தூங்க விடுவதில்லை. வந்த பதினொன்றில் மூன்றை வைத்தியர் ஒதுக்கி வைத்துவிட்டார். கர்ப்பிணிகளில் சோதித்து உறுதிப்படுத்தாத மாதிரியாம். பிரீஎக்ளாம்ப்சியாவில் சில மெசின்கள் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டிவிடும். கைப்பட்டியும் அப்படித்தான். பருத்த கைக்குச் சின்னப் பட்டியைச் சுற்றினால் கூட்டிக் காட்டும். கையின் சுற்றளவை அளந்துதான் பட்டியை எடுக்க வேண்டும். வீட்டில் பார்ப்பவர்கள் ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல் இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். 140/90 வந்தால் கிளினிக்குக்கு அறிவியுங்கள். 160/110 வந்தால் காலை வரை பார்த்திருக்க வேண்டாம். விடாத தலையிடி, கண்ணில் மின்மினி, வலது விலாவுக்குக் கீழே நோவு, திடீரென்று ஊதும் முகமும் கையும்: இவற்றுக்கு மெசின் தேவையில்லை, ஓட்டோதான் தேவை.

பஸ் காசை ஒருவரும் ஆராய்ச்சிச் செலவு என்று நினைப்பதில்லை. தருபவர்கள் மெசினுக்குத் தருவார்கள், அதில் பெயர் ஒட்டலாம். குச்சவெளியிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வருபவளுக்குப் போக வரக் காசும் ஒரு நேரச் சாப்பாடும் கொடுக்கத் தயங்குவார்கள். ஆனால் ஆறாம் கிழமை அவள் வராவிட்டால் அவளுடைய எண்கள் போய்விடும். தூரத்தில் இருப்பவர்களும் கைக்காசு இல்லாதவர்களும் வராமல் விட, பட்டினத்துத் தாய்மாரின் கதையை மட்டும் எழுதி அதை எல்லோருடைய கதை என்று சொல்லிவிடுவோம். ஆகவே எங்கள் பணத்தில் பெரும்பங்கு இப்போது பஸ்ஸில்தான் போகிறது.

போன முறை அந்தக் காசைக் கொடுக்க வாங்கில் நான் இருந்தேன். வெருகலிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், இருபத்திரண்டு வயது இருக்கும். விடியமுன் புறப்பட்டிருக்கிறாள். குழந்தை ஒரு தோளில், துவாயில் சுற்றிய மெசின் மற்றத் தோளில் தொங்கிய பைக்குள். ஒற்றைறூள் கொப்பி ஒன்றை எடுத்து நீட்டினாள். காலை, மாலை என்று கோடு போட்டு, புருசன்காரன் பெரிய பெரிய எழுத்தில் எண்களை எழுதியிருந்தான். 152/98. 148/96. 139/90. ஓரிடத்தில் நான்கு நாள் வெறுமை.

"இதென்னம்மா?" என்று வைத்தியர் கேட்டார்.

"அவர் கடலுக்குப் போயிட்டார் டொக்டர். எனக்கு மெசினைப் பாக்கத் தெரியும், எழுதத்தான் தெரியாது." சொல்லிவிட்டுக் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். பிறகு மெல்ல, "நான் ஏதாவது போட்டுவிடட்டோ எண்டு பக்கத்து வீட்டக்கா கேட்டவ. பொய் எழுத வேண்டாம் எண்டிட்டன்" என்றாள்.

வைத்தியர் பேனையை எடுத்து, தன்னுடைய படிவத்தில் அந்த நான்கு நாளுக்கும் நேரே நான்கு கோடு கீறினார். பக்கத்தில் காரணத்தையும் எழுதினார். நான் அவளுடைய கையில் பஸ் காசை வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, இருபது ரூபா கூட இருக்கிறது என்று திருப்பித் தந்தாள்.